தாம்சன் டி.ஓ.7 முதல் எம்.ஓ.6 வரை: வகுப்பறையை நம்பி வளர்ந்த பிரெஞ்சு வீட்டுக் கணினிகள்

நாடாப்பேழை

அனைவருக்கும் வணக்கம். எட்டு பிட் கணினிகளைப் பற்றி நாம் இங்கே பேசத் தொடங்கினால் பேச்சு ஸ்பெக்ட்ரம், கமடோர் 64, பிபிசி மைக்ரோ என்ற மூன்றையே சுற்றி வருகிறது. பிரான்சு அதே ஆண்டுகளில் தனக்கென்று ஒரு கணினி வரிசையை உருவாக்கிப் பள்ளிகளுக்கெல்லாம் அனுப்பியது என்பதை இங்கே ஒருவரும் எழுதி நான் பார்த்ததில்லை. ஆகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

சுருக்கமாக வரலாறு இதுதான். தாம்சன் நிறுவனம் அடிப்படையில் தொலைக்காட்சி, ரேடார், குறைகடத்தி என்று பலவற்றைச் செய்த பெரிய மின்னணு நிறுவனம். சோசலிஸ்ட் கட்சியின் மித்தரான் குடியரசுத் தலைவராகி ஆட்சிக்கு வந்தபின் 1982 பிப்ரவரியில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அது நாட்டுடைமையாயிற்று. அதே ஆண்டின் இறுதியில் டி.ஓ.7 விற்பனைக்கு வந்தது. முதல் இரண்டு எழுத்துகளும் ‘தொலைக்காட்சிக் கணினி’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கம். அதில் 1 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கிய 6809 செயலியும், பயனருக்கென 8 கிலோபைட் நினைவகமும், விரலுக்கு எந்த உணர்வும் தராத தட்டையான சவ்வு விசைப்பலகையும் இருந்தன. நிரல் எழுதத் தேவையான பேசிக் மொழிகூட உள்ளே இல்லை. அதைத் தனிக் கார்ட்ரிட்ஜாக, அதாவது செருகிக் கழற்றும் சிறு நினைவகப் பெட்டியாகச் செருக வேண்டும். ஆனால் எந்தப் போட்டியாளரிடமும் இல்லாத ஒன்று அதில் இருந்தது: உடலிலேயே ஓர் அறை அமைத்து அதனுள் ஓர் ஒளிப்பேனாவை வைத்திருந்தார்கள்.

1984 இல் இரண்டு கணினிகள் வந்தன. ஒன்று டி.ஓ.7/70: நினைவகம் 64 கிலோபைட், நிறங்கள் 16. மற்றொன்று எம்.ஓ.5: 48 கிலோபைட், பேசிக் உள்ளேயே பதிக்கப்பட்டது, விலையும் குறைவு. 1985 இல் பிளாப்பி இயக்கியுடன் டி.ஓ.9, 1986 இல் டி.ஓ.8, டி.ஓ.9+, எம்.ஓ.6 ஆகியவை, 1987 இல் ஐபிஎம் பி.சி.க்கு இணக்கமான டி.ஓ.16. 1989 இல் தாம்சன் இந்தத் தொழிலையே விட்டுவிட்டது.

இவை தரங்குறைந்த கணினிகள் என்பதால் தோற்றன என்று பிரெஞ்சுக்காரர்களே பேசிக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. கணினி நன்றாகத்தான் இருந்தது; அதை வாங்குபவர் யார் என்பதைத் தாம்சன் தவறாகத் தீர்மானித்துக்கொண்டது என்பதே என் கருத்து. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒற்றைப்பிட்

நல்ல இழை. ஒரு சிறு கேள்வியோடு உள்ளே வருகிறேன். மார்சேய் நகரில் வசிக்கும் என் அத்தை மகன், ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையில் டி.ஓ.7/70 ஒன்றை வாங்கி எனக்கு அனுப்பினார். உடன் வந்த கேசட்டில் எம்.ஓ.5 என்று எழுதியிருக்கிறது. இரண்டிலும் ஒரே செயலி என்பதால் ஏற்றிப் பார்த்தேன். நாடா ஓடி முடிந்ததே தவிர எதுவும் நடக்கவில்லை. நாடா கெட்டுவிட்டதா, கணினி கெட்டுவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

கிரெனோபிள்வாசி

இரண்டும் கெடவில்லை, நண்பரே. நீங்கள் தொட்டிருப்பது அந்த வரிசையின் மிகப் பழைய புண்.

டி.ஓ. வரிசையும் எம்.ஓ. வரிசையும் ஒரே நிறுவனத்தில், ஒரே செயலியை வைத்து, ஏறக்குறைய ஒரே திரை அமைப்போடு செய்யப்பட்டவை என்றாலும் ஒன்றில் எழுதிய இயந்திர மொழி நிரல் மற்றொன்றில் ஓடாது. நினைவக வரைபடமே வேறு. எம்.ஓ.5 இல் திரை நினைவகம் பூஜ்ய முகவரியிலிருந்து தொடங்குகிறது, டி.ஓ.7 இல் அந்த இடத்தில் கார்ட்ரிட்ஜ் உட்கார்ந்திருக்கிறது, திரை அதற்குப் பிறகுதான் வருகிறது. கேசட்டில் பிட்டுகளைப் பதியும் முறையும் வேறு என்பதால் உங்கள் கணினிக்கு அந்த நாடாவில் இருப்பது வெறும் இரைச்சல்தான்.

6809 ஐ ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கும் உள்ளூர்க் காரணம் உண்டு. நான் வசிக்கும் கிரெனோபிளில் தாம்சனுக்கு எஃப்சிஸ் என்ற குறைகடத்திப் பிரிவு இருந்தது. அது மோட்டரோலாவின் உரிமம் பெற்று 6809 ஐ இங்கேயே தயாரித்தது. சொந்தத் தோட்டத்து வாழை இருக்கும்போது சந்தையில் இலை வாங்குவார்களா? இசட்80, 6502 போன்ற பிற செயலிகளை அவர்கள் தேடிப் போகாததில் வியப்பில்லை. தவிர, 6809 அன்றைய எட்டு பிட் செயலிகளில் மிக நேர்த்தியானது. வேல்ஸில் செய்யப்பட்ட டிராகன் 32 இலும் அமெரிக்காவின் டான்டி வண்ணக் கணினியிலும் அதுவே இருந்தது.

அரைக்காசு

நேர்த்தியான செயலி என்பது சரி. அதை வைத்து அவர்கள் செய்ததுதான் எனக்குப் பிடிபடவில்லை. இதே 6809 ஐ நான் சில மாதங்களாக எம்.ஓ.5 போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் மென்பொருளில் நிரலாக்கிக்கொண்டிருக்கிறேன், ஆகவே கணக்கோடு பேசுகிறேன்.

திரை 320 × 200 படப்புள்ளிகள். படுக்கைவாட்டில் எட்டுப் புள்ளிகளுக்கு ஒரு பைட் வடிவம், இன்னொரு பைட் நிறம். வடிவத்திற்கு 8,000, நிறத்திற்கு 8,000, ஆக மொத்தம் 16,000 பைட்டுகள். ஸ்பெக்ட்ரத்தில் இதே வேலைக்கு 6,912 பைட்டுகள் போதும். ஸ்பெக்ட்ரம் எட்டுக்கு எட்டு என்ற கட்டத்திற்கு இரண்டு நிறங்களைத் தருகிறது; தாம்சனோ எட்டுக்கு ஒன்று என்ற மெல்லிய கோட்டிற்கே இரண்டு நிறங்களைத் தருகிறது. அசையாத படத்தை வரைந்து வைத்தால் தாம்சனின் திரை ஸ்பெக்ட்ரத்தைவிட அழகாக இருக்கும் என்பதை மறுக்கவில்லை.

ஆனால் படத்தை அசைக்க வேண்டுமே. ஒரு நேரத்தில் இரண்டு பைட்டுகளை எடுத்து வேறிடத்தில் வைத்து, முடிந்ததா என்று சரிபார்த்துத் திரும்பும் எளிய சுற்றுக்கு 6809 இல் 23 சுழற்சிகள் ஆகின்றன. 16,000 பைட்டுகளுக்கு அது 1,84,000 சுழற்சிகள். விநாடிக்குப் பத்து லட்சம் சுழற்சிகளே உள்ள கணினியில் முழுத் திரையை விநாடிக்கு ஐந்து முறைக்கு மேல் புதுப்பிக்க முடியாது. தந்திரங்கள் உண்டு, சுற்றை விரித்து எழுதலாம், அடுக்குக் கட்டளைகளைப் பயன்படுத்தலாம். ஆனாலும் கமடோரைப் போல ஸ்பிரைட் (வன்பொருளே தனியாக நகர்த்தும் சிறு உருவம்) இல்லை, வன்பொருள் நகர்த்தல் இல்லை, ஒலிக்கு ஒற்றை பிட் மட்டுமே. ஜாய்ஸ்டிக் வேண்டுமென்றால் தனியாக ஒரு விரிவாக்கப் பெட்டி வாங்க வேண்டும். பிள்ளைகள் வீட்டுக் கணினியை எதற்குக் கேட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். தாம்சனுக்கு மட்டும் தெரியவில்லை.

நாடாப்பேழை

அரைக்காசு அவர்களின் கணக்கை நான் ஏற்கிறேன். ஆனால் அந்தக் கணக்கே என் பக்கம்தான் சாய்கிறது. அசையாத படம், தெளிவான எழுத்து, பேனாவால் தொட்டுப் பதில் சொல்லும் வசதி, அழுக்குக் கையால் தொட்டாலும் கெடாத விசைப்பலகை ஆகியவற்றை ஒன்றாக வைத்துப் பாருங்கள். இது விளையாட்டுக் கூடத்துக்குச் செய்த கருவியாகத் தோன்றவில்லை, ஆரம்பப் பள்ளி வகுப்புக்குச் செய்த கருவியாகவே தோன்றுகிறது.

விசைப்பலகையில் உச்சரிப்புக் குறிகளுக்கென்றே ஒரு விசையை வைத்திருந்தார்கள். அன்று பிரான்சில் விற்ற வெளிநாட்டுக் கணினிகளில் பிரெஞ்சை அதன் குறிகளோடு முழுமையாக எழுதுவதே ஒரு போராட்டமாக இருந்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள். தொலைக்காட்சி இணைப்பும் அப்படியே. பிரான்சின் ஒளிபரப்பு முறை சேகாம் என்பதால், பிரிட்டனிலிருந்து வந்த கணினியின் ஆன்டெனா வெளியீட்டை நேராகச் செருகினால் ஒழுங்கான படம் வராது. புதிய தொலைக்காட்சிகளில் பெரிடெல் என்ற 21 முனைச் செருகி இருக்க வேண்டும் என்று 1980 வாக்கில் பிரான்சு கட்டாயமாக்கியிருந்தது, எம்.ஓ.5 அதன் வழியாகச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே அனுப்பியது. அந்தப் படத்தின் கூர்மையை நேரில் பார்த்தவர்கள் ஸ்பெக்ட்ரத்தின் மங்கலை மன்னிக்க மாட்டார்கள்.

தாழ்வாரம்

பள்ளித் திட்டத்தைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லையே. உண்மையில் கதை அங்கேதான் இருக்கிறது.

1985 ஜனவரி 25 அன்று பிரதமர் லொரான் ஃபாபியுஸ் ‘அனைவருக்கும் கணினியியல்’ என்ற திட்டத்தை அறிவித்தார். 50,000 கல்வி நிலையங்களுக்கு 1,20,000 கணினிகள், 1,10,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பயன்பெறுவோர் 1 கோடியே 10 லட்சம் மாணவர்கள், செலவு 180 கோடி பிராங்கு. திட்டத்தை முன்னின்று நடத்தியவர் விடுமுறை விடுதிகளுக்குப் பெயர்போன கிளப் மெட் நிறுவனத்தின் கில்பர் திரிகானோ. அவரையா இதற்குப் போட்டார்கள் என்று கேட்கத் தோன்றும். ஆனால் சில மாதங்களில் ஐம்பதாயிரம் இடங்களுக்குப் பெட்டிகளைக் கொண்டு சேர்க்கும் வேலைக்குக் கணினி அறிஞரைவிட அவர் பொருத்தமானவராகத்தான் இருந்திருப்பார்.

இப்போது அந்த எண்களை வகுத்துப் பாருங்கள். பள்ளி ஒன்றுக்குச் சராசரியாக 2.4 கணினிகள். கணினி ஒன்றுக்கு ஏறத்தாழ 92 மாணவர்கள். வாரத்திற்கு 25 மணி நேரம் கணினி சும்மா இராமல் ஓடினாலும், தனியாக உட்கார்ந்தால் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது 16 நிமிடங்கள்.

சராசரி என்பது ஏமாற்றும் என்பதும் உண்மை. சின்னஞ்சிறு ஊர்ப் பள்ளிகளுக்கு ஒற்றைக் கணினிதான் போயிற்று. பெரிய பள்ளிகளுக்கோ ‘நானோரெசோ’ என்ற வலையமைப்பு கிடைத்தது. லீல் பல்கலைக்கழகத்திலும் அதே வட்டாரத்தைச் சேர்ந்த லெயானார் நிறுவனத்திலும் உருவான ஏற்பாடு அது. நடுவில் பிளாப்பியும் அச்சுப்பொறியும் உள்ள ஒரு பதினாறு பிட் கணினி. அதிலிருந்து கம்பி இழுத்து எம்.ஓ.5 அல்லது டி.ஓ.7/70 கணினிகளை இணைத்துக்கொண்டே போகலாம், 31 வரை. வழக்கமான வகுப்பறையில் ஆறு இருந்தன. ஒவ்வொரு பிள்ளையும் நாடா ஓடி முடியும்வரை காத்திராமல் ஆசிரியர் நடுக் கணினியிலிருந்து பாடத்தை அனுப்பினார். 1985 இல் ஆரம்பப் பள்ளியில் கணினி வலையமைப்பு என்பதை இன்று படிக்கும்போதுகூட எனக்கு நம்ப முடியவில்லை.

கரும்பலகை

நான் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர். இந்தியாவில் 1984 இல் தொடங்கிய ‘கிளாஸ்’ என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தின் கீழ் எங்கள் பள்ளிக்கு பிபிசி மைக்ரோ வந்தது. அதை வைத்திருந்த அறைக்குப் பூட்டு இருந்தது, சாவி தலைமையாசிரியரிடம் இருந்தது, பயிற்சி பெற்ற ஆசிரியர் மாற்றலாகிப் போய்விட்டார். பிரான்சில் பயிற்சி எப்படி நடந்தது என்று அறிய விரும்புகிறேன்.

தாழ்வாரம்

ஐயா, உங்கள் பூட்டுக் கதை பிரான்சிலும் நடந்த கதைதான். பயிற்சி பெரும்பாலும் 1985 ஆம் ஆண்டின் பள்ளி விடுமுறைகளில் குறுகிய வகுப்புகளாக நடந்தது. ஆண்டின் தொடக்கத்தில் அறிவித்து அதே ஆண்டில் கணினிகளை இறக்கியதால், ஆசிரியர் கருவியைப் பழகி, தன் பாடத்தோடு பொருத்திப் பார்க்கப் போதுமான காலம் இல்லை. 1986 மார்ச்சில் சோசலிஸ்டுகள் தேர்தலில் பெரும்பான்மையை இழந்தார்கள். புதிய அரசுக்கு முந்தைய பிரதமரின் பெயர் ஒட்டிய திட்டத்தை வளர்க்க எந்த ஆர்வமும் இருக்கவில்லை. கணினி பழுதானால் யார் சரிசெய்வது, புதிய மென்பொருளை எந்தக் கணக்கில் வாங்குவது போன்ற கேள்விகளோடு பெட்டிகள் அலமாரிக்குப் போயின.

ஆனால் பிரான்சு வெறும் கையோடு இதில் இறங்கவில்லை. 1970 களிலேயே 58 உயர்நிலைப் பள்ளிகளில் மித்ரா 15, டி1600 என்ற சிறு கணினிகளை வைத்துச் சோதனை செய்திருந்தார்கள். அப்போது சுப்பெலெக் பொறியியல் கல்லூரியில் எல்.எஸ்.ஈ. என்ற நிரல்மொழியைப் பள்ளிகளுக்கென்றே உருவாக்கினார்கள். கட்டளைகள் எல்லாம் பிரெஞ்சுச் சொற்கள். எழுதிக்காட்டு, படி, இப்படியிருந்தால் அப்படிச் செய் என்று பிள்ளை தன் மொழியிலேயே நிரல் எழுதியது. தமிழ்ச் சொற்களில் நிரல் எழுதும் நம் ‘எழில்’ மொழியைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

ஒற்றைப்பிட்

அப்படியானால் தாம்சன் கணினிகளிலும் எல்.எஸ்.ஈ. இருந்ததா, அல்லது பேசிக் மட்டும்தானா?

கிரெனோபிள்வாசி

மூன்று மொழிகள் இருந்தன: பேசிக், எல்.எஸ்.ஈ., லோகோ. பேசிக் மைக்ரோசாப்ட் எழுதியது, கட்டளைகள் ஆங்கிலம். லோகோவில், திரையில் கோடு வரைந்துகொண்டே போகும் ‘ஆமை’ என்ற சிறு உருவை நகர்த்தும் கட்டளைகள் பிரெஞ்சில் இருந்தன. ‘முன்னே போ’ என்பதன் சுருக்கமாக ‘ஏவி’, ‘வலப்பக்கம் திரும்பு’ என்பதற்கு ‘டிடி’ என்ற ஈரெழுத்துகள். பிரான்சில் அந்தத் தலைமுறையைச் சேர்ந்த பலரிடம் ஆமையைப் பற்றிக் கேட்டால் இன்றும் சிரிப்பார்கள்.

அரைக்காசு

மென்மையாகவே பேசிக்கொண்டிருக்கிறோம். ஒரு கசப்பான கேள்வியைக் கேட்கிறேன். பிரான்சிடம் அப்போது ஆப்பிளின் மாக்கிண்டாஷ் கணினியை வாங்கும் வாய்ப்பு இருந்ததே. 1981 இல் பாரிசில் அமைந்த உலகக் கணினியியல் மையத்தின் தலைவர் ழான்-ழாக் செர்வான்-ஷ்ரைபர், ஆப்பிளோடு ஒப்பந்தம் செய்து அதைப் பிரான்சிலேயே தயாரிக்கலாம் என்று வாதாடினார். அதைத் தள்ளிவிட்டு, நாட்டுடைமையான தன் நிறுவனத்தைக் காப்பாற்ற அரசு எட்டு பிட் கணினியை வாங்கியது. பிள்ளைகளுக்கு எது நல்லது என்று பார்க்கவில்லை, தொழிற்சாலைக்கு எது நல்லது என்று பார்த்தார்கள்.

நாடாப்பேழை

அந்த வாதம் பிரான்சில் நாற்பது ஆண்டுகளாக ஓடுகிறது, நான் அதில் பாதிதான் உடன்படுகிறேன். 1984 இன் மாக்கிண்டாஷில் 128 கிலோபைட் நினைவகம், நிறமற்ற சிறிய திரை, அமெரிக்க விலை 2,495 டாலர். 180 கோடி பிராங்கை 1,20,000 ஆல் வகுத்தால் ஒரு கணினிக்கு 15,000 பிராங்கு வருகிறது. அதற்குள் நடுக் கணினி, அச்சுப்பொறி, மென்பொருள், பயிற்சி எல்லாம் அடக்கம். அரசுக்கு எவ்வளவு தள்ளுபடி கிடைத்திருந்தாலும் இத்தனை பள்ளிகளை இந்தப் பணத்தில் மாக்கிண்டாஷால் எட்டியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தொழிற்சாலையைப் பார்த்தார்கள் என்பது உண்மை. அது இரகசியமும் அல்ல; திட்டத்தின் நோக்கங்களில் உள்நாட்டுத் தொழிலைத் தூக்கி நிறுத்துவதும் ஒன்று. தவறு அங்கே நடந்ததாக நான் நினைக்கவில்லை, அதற்குப் பிறகுதான் நடந்தது. அரசு ஒரே மூச்சில் வாங்கியது. அடுத்த ஆண்டு வாங்கவில்லை. அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் வாங்க வேண்டியவர்கள் பெற்றோர்கள், அவர்களோ ஆம்ஸ்ட்ராட் சி.பி.சி. பக்கம் போய்விட்டார்கள். அந்தப் பிரிட்டிஷ் கணினி திரையோடு சேர்ந்தே வந்தது, கூடத்துத் தொலைக்காட்சிக்காகச் சண்டை போட வேண்டியதில்லை, விளையாட்டுகள் குவிந்து கிடந்தன. பிள்ளை பள்ளியில் எம்.ஓ.5 இல் பெருக்கல் வாய்ப்பாடு படித்துவிட்டு வந்து, வீட்டில் ஆம்ஸ்ட்ராட் கேட்டது. பள்ளியின் வாசனை ஒட்டிய கருவியை எந்தப் பிள்ளைதான் பிறந்தநாளுக்குக் கேட்கும்?

அரைக்காசு

கடைசி வாக்கியத்திற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் இரண்டு இணங்காத வரிசைகளை ஒரே கடையில் விற்ற அறிவை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது. ஏற்கெனவே சிறிய சந்தை. அதை நீங்களே இரண்டாகப் பிளந்தால் மென்பொருள் எழுதுபவன் என்ன செய்வான்? ஒரே நிரலை இரண்டு முறை எழுத வேண்டும்.

கிரெனோபிள்வாசி

அதில் நான் உங்கள் பக்கம். எம்.ஓ.5 மலிவாக வேண்டும் என்பதற்காகப் புதிதாக வரைந்தார்கள். வரையும்போதே பழையதோடு இணக்கமாக வரைந்திருந்தால் செலவு சற்றுக் கூடியிருக்கும், அவ்வளவுதான். 1986 இல் தவறைத் திருத்தியது போலவும் திருத்தாதது போலவும் ஒன்று செய்தார்கள். டி.ஓ.8 க்கு 256 கிலோபைட், எம்.ஓ.6 க்கு 128 கிலோபைட், இரண்டிலும் 4,096 நிறங்களிலிருந்து பதினாறைத் தேர்ந்துகொள்ளும் வசதி. உள்ளே பெரும்பாலும் ஒரே வன்பொருள். ஆனால் ஒன்று டி.ஓ. குடும்பத்தோடும் மற்றது எம்.ஓ. குடும்பத்தோடும் இணங்கியது, பிளவு அப்படியே நின்றது. அட்டாரி எஸ்.டி.யும் அமிகாவும் கடைக்கு வந்துவிட்ட காலம் அது. எட்டு பிட், 1 மெகாஹெர்ட்ஸ் என்று சொல்லி யாரிடம் விற்பது?

எம்.ஓ.6 க்கு ஓர் இத்தாலிய அவதாரம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒலிவெட்டி நிறுவனம் அதன் தோற்றத்தை மாற்றி, ‘புரோடெஸ்ட் பி.சி.128’ என்ற பெயரில் இத்தாலியில் விற்றது. பெயரில் பி.சி. இருக்கிறதே என்று வாங்கியவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ.

கரும்பலகை

ஒளிப்பேனாவைப் பற்றி இழையின் தொடக்கத்தில் ஒரு வரி வந்தது, பிறகு யாரும் தொடவில்லை. திரையில் நேராக எழுத முடியும் என்றால் சிறு பிள்ளைகளுக்கு அது விசைப்பலகையைவிடப் பெரிய வரமாக இருந்திருக்குமே.

நாடாப்பேழை

ஐயா கேட்டது சரியான கேள்வி. பேனா ஒளியை உமிழ்வதில்லை, உணர்கிறது. பழைய குழாய்த் திரையில் மின்னணுக் கற்றை மேலிருந்து கீழாக, வரிவரியாகத் திரை முழுவதையும் விநாடிக்கு 50 முறை வருடுகிறது. பேனா தொட்டிருக்கும் புள்ளியைக் கற்றை கடக்கும் கணத்தில் அந்த மினுக்கலைப் பேனா உணர்ந்து கணினிக்குச் சொல்கிறது. கற்றை அப்போது எந்த வரியில், எந்தப் பத்தியில் இருந்தது என்பது கணினிக்குத் தெரியும் என்பதால் பேனாவின் இடமும் தெரிந்துவிடுகிறது. தொலைக்காட்சிக்குத் தொலைக்காட்சி சிறு வேறுபாடு இருக்கும் என்பதால் பேனாவைச் சரிசெய்ய ‘டியூன்’ என்ற கட்டளையை பேசிக் மொழியிலேயே வைத்திருந்தார்கள். தொலைக்காட்சி செய்யும் நிறுவனம் கணினி செய்தால் இப்படித்தான் யோசிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

குறை இரண்டு. திரையின் இருண்ட பகுதியில் பேனாவுக்கு எதுவும் தெரியாது. கையைத் தூக்கி நெடுநேரம் வைத்திருந்தால் தோள் வலிக்கும். இன்றைய தட்டைத் திரைகளில் கற்றையே இல்லாததால் பேனா அடியோடு வேலை செய்வதில்லை.

ஒற்றைப்பிட்

அதனால்தானா! என் பேனா பழுதென்று நினைத்து அதைப் பிரித்துப் போட்டுவிட்டேன். திரும்பப் பூட்டிவிட்டு, பக்கத்துத் தெருவில் பழைய குழாய்த் தொலைக்காட்சி கிடைக்குமா என்று பார்க்கிறேன். கேசட் விஷயத்தில் வேறு வழி ஏதாவது உண்டா? என்னிடம் உள்ள சாதாரண டேப் ரெக்கார்டரில் போட்டாலாவது ஓடுமா?

கிரெனோபிள்வாசி

ஓடாது. தாம்சன் தன் கணினிகளுக்கென்றே தனி ஒலிப்பதிவுக் கருவியைச் செய்து விற்றது; சைகையை மாற்றும் சுற்று அந்தக் கருவிக்குள் இருந்ததால் சாதாரண ரெக்கார்டரை இணைத்துப் பயனில்லை. இதுவும் வீட்டுச் சந்தையில் அவர்களுக்கு எதிராகப் போன ஒன்று. ஸ்பெக்ட்ரம் வாங்கியவன் வீட்டில் இருந்த ரெக்கார்டரையே பயன்படுத்திக்கொண்டான்.

ஆனால் உங்கள் கேசட்டைத் தூக்கி எறிய வேண்டாம். சில வெளியீட்டாளர்கள் அரைக்காசு சொன்ன அந்த இரட்டை வேலையைச் செய்தே விட்டார்கள்: ஒரு பக்கத்தில் எம்.ஓ.5 க்கு, மறு பக்கத்தில் டி.ஓ.7/70 க்கு. பேசிக் கார்ட்ரிட்ஜைச் செருகி, நாடாவைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

ஒற்றைப்பிட்

திருப்பிப் போட்டேன். ஏறிவிட்டது! பின்னக் கணக்குப் பாடம். முதல் கேள்விக்கே தவறான விடை சொல்லிவிட்டேன், கணினி பிரெஞ்சில் ஏதோ சொல்கிறது. அத்தை மகனிடம்தான் பொருள் கேட்க வேண்டும்.